ஏழாம் கட்டிலுக்குப் பேச்சு இல்லை

ஐந்தாவது வார்டில் ஒற்றைப்படைக் கட்டில்களோடு செவிலியர் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு வந்த வாரத்தில்தான் ரேடியோ சிஸ்டரின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது காலியாக இருந்தது ஏழாம் கட்டில் ஒன்றுதான். அதில் இருந்த அம்மாள், பேச்சுத் துணைகூட இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று கேட்டுவிட்டு முந்தின நாள் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

ரேடியோ என்பது நோயாளிகள் வைத்த பெயர். கட்டு மாற்றும்போதும் பேசுவாள், காய்ச்சல் பார்க்கும்போதும் பேசுவாள், ஊசி போடும்போது ஒரு கதையை ஆரம்பித்து, கதை சூடு பிடிக்கும் இடத்தில் ஊசியை ஏற்றிவிடுவாள். அந்தப் பெண் கடைசியில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டுக்கொண்டே நோயாளி கையைத் தேய்த்துக்கொள்வார். வார்டில் இப்படி ஓயாமல் பாடும் ரேடியோ வீட்டு வாசலை மிதித்ததும் கப்பென்று நின்றுவிடும். மாமியாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு சோபா. மாமியார் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்த காலத்தில் ஆசை ஆசையாக வாங்கியது. கிழிந்து, பஞ்சு தள்ளி, ஸ்பிரிங் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், ரேடியோ ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அதைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே தூது போவது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் வேலையாயிற்று. வெளியே மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர், வீட்டில் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஏறி இறங்கினார். அவர் இல்லாத நேரத்தில் மாமியார் பூனையைப் பார்த்துப் பேசுவார், மருமகள் ஃபிரிட்ஜைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இனி அந்த உத்தரவின் கதை. மருத்துவமனையின் மேல்மாடியில் நோயாளர் பராமரிப்பு மேம்பாட்டு ஆராய்ச்சி மையம் என்று ஒன்று இருந்தது. நோயாளிகள் யாரும் அங்கே போனதில்லை, மையத்தார் யாரும் வார்டுக்கு வந்ததில்லை. இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் மனக்குறை கிடையாது. மையத்தின் இயக்குநரை எல்லோரும் சான்று சார் என்றே சொல்வார்கள். எதைச் சொன்னாலும் சான்று இருக்கா என்று கேட்பார். வெயில் கொளுத்துது சார் என்று வாட்ச்மேன் சொன்னாலும் கேட்பார், கேட்டுவிட்டு அதே வெயிலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் சான்று சாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. செவிலியர்கள் நோயாளிகளோடு இவ்வளவு பேசுகிறார்களே, அதனால் யாருக்காவது நன்மை உண்டா? உண்டு என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது, ஆனால் உலகத்திடம் சான்று இல்லை. உடனே குழு கூடியது. இரட்டைப்படைக் கட்டில்களோடு பேசுவது, ஒற்றைப்படைக் கட்டில்களோடு பேசாதிருப்பது, யார் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள் என்று பார்ப்பது என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. பேச்சு என்றால் என்ன என்று முடிவு செய்யத்தான் ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. இருமினால் பேச்சா, உச்சுக்கொட்டினால் பேச்சா, தூக்கத்தில் உளறினால் யார் கணக்கு என்றெல்லாம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில், செவிலியரின் முகம் நோயாளியை நேராகப் பார்த்திருக்க, வாய் திறந்து, சொல் வெளிவந்தால் அது பேச்சு என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. நோயாளி பேசுவது ஆராய்ச்சியின் வரம்புக்குள் வராது என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

தொடக்க விழா வார்டு வாசலில் நடந்தது. வாசலுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவசரமாக ஸ்ட்ரெச்சரில் வந்த ஒருவர் ரிப்பன் வெட்டும்வரை வெளியே காத்திருந்தார், கைதட்டும்போது அவரும் படுத்தபடியே தட்டினார். செவிலியர்களைக் கடைசி வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். சான்று சார் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"செவிலியர்கள்தான் இந்த ஆராய்ச்சியோட முதுகெலும்பு. முதுகெலும்பு எங்க இருக்கும்? பின்னாடி இருக்கும். அது பேசாது, கேள்வி கேக்காது, எவ்வளவு பாரம் வெச்சாலும் தாங்கும். அதனாலதான் நாங்க இவ்வளவு நிமிர்ந்து நிக்கறோம்."

பேசி முடித்ததும் ஒவ்வொரு முதுகெலும்புக்கும் ஒரு பேட்ஜும் நாலு அட்டையும் கிடைத்தன. ஒற்றைப்படைக் கட்டிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அட்டையைக் காட்ட வேண்டும். பச்சை அட்டையில் 'விழுங்கவும்', நீலத்தில் 'திரும்பவும்', மஞ்சளில் 'நடக்கவும்', சிவப்பில் 'பொறுக்கவும்'. மையத்தின் சின்னம் அட்டையை அடைத்துக்கொண்டதால் எழுத்து மூலையில் பொடியாக இருந்தது. முதல் நாளே சிவப்பு அட்டை ஓரம் நைந்துபோயிற்று.

இரட்டைப்படைக் கட்டில்கள் மட்டும் என்ன சுகத்தைக் கண்டன? அவர்களோடு பேசுவதற்கென்று குழு ஓர் உரையை எழுதிக் கொடுத்திருந்தது. "வணக்கம். நீங்கள் நலம் பெறுவதில் இம்மருத்துவமனை அளவற்ற ஈடுபாடு கொண்டுள்ளது" என்று ஆரம்பித்து, மையத்தின் நோக்கங்களைச் சொல்லி, குழு உறுப்பினர்களின் பட்டங்களோடு முடியும். அதன் பிறகு செவிலியர் விருப்பம்போல் உரையாடலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்திருந்தார்கள். ஆனால் அந்த நேரத்துக்குள் நோயாளி குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் கண்காணிக்க ஒருவரை நியமித்தார்கள். வார்டின் மூலையில் துணித்திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அவருக்குத் திரைக்காரர் என்று பெயர் வந்தது. அதற்கு முன்பு மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் இருந்தவர். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்க அவரைவிடத் தகுதியானவர் யார் என்று குழு நினைத்தது. அவரும் குறை வைக்கவில்லை. திரையின் இடுக்கில் கண்ணை வைத்தால் எடுக்கவே மாட்டார்.

இந்த நிலைமையில்தான் மாமியார் ஏழாம் கட்டிலில் கண் விழித்தார். எதிரே மருமகள் நின்றுகொண்டிருந்தாள், நின்று பச்சை அட்டையைக் காட்டினாள். கண்ணாடி இல்லாத மாமியாருக்குப் பச்சையாக ஏதோ தெரிந்தது. மருமகளின் கையில் மாத்திரை, வாயில் பூட்டு. மாமியார் மெதுவாகத் தலையைத் திருப்பி எட்டாம் கட்டிலைப் பார்த்தார்.

எட்டாம் கட்டிலில் பித்தப்பையை எடுத்துவிட்டுப் படுத்திருந்தவர், ஓய்வு பெற்ற தபால்காரம்மா. பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்த சந்தோஷத்தில், இங்கே ஆராய்ச்சி நடக்கிறது, அதனால் உங்களோடு பேசக்கூடாதாம் என்று அவர்தான் விளக்கம் சொன்னார். மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல மூணு வருஷமா பண்ணிட்டு இருக்காளே, அதுவும் ஆராய்ச்சியா?"

ரேடியோ காதில் விழாதவள்போல் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் கொடுத்தாள். காது மடல் மட்டும் சிவந்துவிட்டது.

மறுநாள் எலும்பு டாக்டர் வந்தார். இன்றைக்கே எழுப்பி நடக்க வைக்க வேண்டும், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், இந்த வயதில் அப்படிப் படுத்தவர்கள் பிறகு எழுவதில்லை என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடினார். நடைப்பயிற்சி கொடுக்கிறவரோ நோயாளிகளை நடக்க வைப்பது எப்படி என்ற பயிலரங்குக்குப் போயிருந்தார். ரேடியோ மஞ்சள் அட்டையைக் காட்டினாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். தோளைத் தொட்டாள், மாமியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பேச மாட்டாளாம், நான் மட்டும் எழுந்திருக்க வேண்டுமாம் என்று விட்டத்துக்குச் சொன்னார்.

புருஷன் பார்க்க வந்தார். அவரையும் வாசலிலேயே நிறுத்தி, உறவினர் பேச்சு தரவுகளைக் கெடுத்துவிடும், கையை மட்டும் அசைத்துவிட்டுப் போங்கள் என்றார் திரைக்காரர். மூன்று வருஷமாகத் தூது போய்க் களைத்த மனுஷன். அம்மாவுக்கு ஒரு கை, மனைவிக்கு ஒரு கை அசைத்துவிட்டு, எங்கோ லிஃப்ட் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி நடையைக் கட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை ரேடியோ கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மாமியாருக்கு இருமல் வந்தது. லேசாகக் காய்ச்சலும் கூடவே வந்தது. ரேடியோ மறுபடி ஒருமுறை காய்ச்சல் பார்த்தாள். எத்தனை இருமலைக் கேட்டிருக்கிறாள், இது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். மாமியாரைத் திட்டி மனதுக்குள் எத்தனையோ முறை ஊருக்கு அனுப்பியிருக்கிறாள்தான். ஆனால் கூடத்தில் பூனையோடு பேசும் அந்தக் குரல் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு மேல்மாடிக்குப் போனாள்.

சான்று சார் அன்பாகத்தான் கேட்டார். தன் மாமியாரை ஓர் இரட்டைப்படைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னதும், மாமியார் என்பதற்குச் சான்று இருக்கா என்றார்.

"இருந்தாலும் மாத்த முடியாதும்மா," என்றார். "நோயாளி மாறலாம், கட்டில் மாறக்கூடாது. அதுதான் ஆராய்ச்சியோட அடிப்படை."

"சார், அவங்க எழுந்து நடக்கலன்னா பிழைக்கறதே கஷ்டம் சார்."

"அதுவும் ஒரு முடிவுதானே," என்று சான்று சார் அவளைத் தேற்றினார். "நீங்க ஏன் மனசைப் போட்டு அலட்டிக்கறீங்க. ஆராய்ச்சியில தோல்வின்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

மீறிப் பேசினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவைத்தார். பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொள்வார்களாம், கூடவே வேலையையும். அந்த வேலையில்தான் வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ படியிறங்கி வார்டுக்கு வந்தாள். ஏழாம் கட்டில் இருமிக்கொண்டிருந்தது. திரையின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

அவளுக்கு வந்தது யோசனை இல்லை, ஆத்திரம். சான்று சார் மேல், திரைக்காரர் மேல், எல்லோரையும்விட அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் கிழவி மேல். வீட்டில் ஆத்திரம் வந்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். ஏழாம் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, எட்டாம் கட்டிலின் கையைப் பிடித்து, நாடியைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"தபால்காரம்மா, நீங்க தங்கம். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே எழுந்து நடந்துட்டீங்க. சில பேர் இருக்காங்க, ஊருக்கெல்லாம் புத்தி சொல்வாங்க. ஒரு காலைக் கீழ வைக்கச் சொன்னா மட்டும் கட்டிலைக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க."

தபால்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழாம் கட்டிலில் இருமல் நின்றது.

"தபால்காரம்மா," என்றது ஏழாம் கட்டில். "கட்டிலாவது மிச்சம் இருக்கேன்னு பிடிச்சுக்கறாங்க போல. சில வீட்ல உக்காந்திருக்கற சோபாவையே தூக்கிக் குடுத்துடறாங்களாம்."

"பஞ்சு கிழிஞ்சு வெளிய தொங்கினா வேற என்ன பண்றதாம், தபால்காரம்மா? சரி, சோபாவை விடுங்க. இப்படியே படுத்துட்டு இருந்தா நெஞ்சுல சளி கட்டிப் போய்ச் சேர வேண்டியதுதான். மருமகளுக்கு என்ன நஷ்டம்? வீடே அவ ராஜ்ஜியம். மொத வேலையா சமையல்கட்டுல இருக்கற டப்பா எல்லாத்தையும் இடம் மாத்திடுவா."

"என்ன, டப்பாவையா?" என்றது ஏழாம் கட்டில்.

"மேல் தட்டு டப்பா கீழ் தட்டுக்கு வந்துடும். கீழ் தட்டுல இருக்கறது எங்க போகும்னே தெரியாது."

ஏழாம் கட்டில் கிரீச்சிட்டது. மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, முகம் கோபத்தில் ஜொலித்தது. என் டப்பா மேல் யார் கை படுகிறது என்று நானும் பார்க்கிறேன் என்று தபால்காரம்மாவிடம் சவால் விட்டபடி ஒரு காலைக் கீழே வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். தொடுவதைப் பற்றிக் குழு ஒன்றும் தீர்மானிக்கவில்லை. ரேடியோ முகத்தை எட்டாம் கட்டில் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னால் கையை நீட்டி, மாமியாரின் அக்குளைத் தாங்கி, நடைச்சட்டத்தைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். மாமியார் ஜன்னல்வரை நடந்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று, சோபாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

ஏனம்மா அழறே என்று தபால்காரம்மா கேட்டார். அவருக்கு மட்டும்தான் ரேடியோவின் முகம் தெரிந்தது. திரைக்காரர் திரைக்குப் பின்னால் சரியாகவே குறித்துக்கொண்டார். செவிலியரின் முகம் எட்டாம் கட்டில் பக்கம். ஏழாம் கட்டிலுக்குப் பேச்சு இல்லை. ஏழாம் கட்டில் நடந்தது.

அன்று சாயங்காலமே மற்ற சிஸ்டர்கள் ரேடியோவைச் சூழ்ந்துகொண்டார்கள். இதற்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. யார் வீட்டில்தான் சாடை பேசத் தெரியாது? மூன்றாம் கட்டிலுக்கான சேதி நான்காம் கட்டிலிடம் சொல்லப்பட்டது. ஒன்பதாம் கட்டில் குளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்ததைப் பற்றிப் பத்தாம் கட்டிலிடம் அடுக்கினார்கள். ஒற்றைப்படைக் கட்டில்களுக்கு அப்படியொரு ரோஷம் வந்தது. பதில் சொல்வதற்காகவே சிலர் மாத்திரையைச் சட்டென்று விழுங்கினார்கள், பதில் போதாது என்று தோன்றியவர்கள் எழுந்து நடந்தார்கள். இரட்டைப்படைக் கட்டில்கள் மட்டும், பாவம், காலையில் உரையைக் கேட்டுத் தூங்கின, மத்தியானம் அடுத்தவர் திட்டை வாங்கி விழித்தன. தபால்காரம்மாவுக்கு மட்டும் குறையே இல்லை.

"வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவங்க தபாலை ஒரு நாள்கூடப் பிரிச்சுப் படிச்சதில்ல," என்றார். "இப்பதான் எல்லாத்தையும் கேக்கறேன். இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருக்கலாமா?"

மாமியார் இருமல் அடங்கி, கைத்தடியோடு வீட்டுக்குப் போனார். ஒற்றைப்படைக் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின, இரட்டைப்படைக் கட்டில்கள் அப்படியே கிடந்தன. மேல்மாடியில் விவரங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்த சான்று சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மௌனம் குணமாக்குகிறது. செவிலியர்கள் பேச்சைக் குறைத்தால் உலகம் நன்றாக இருக்கும் என்று அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம் இருந்தது. சான்றுதான் இல்லாமல் இருந்தது.

ரேடியோவுக்கு இது பொறுக்கவில்லை. இதை நம்பி எல்லா வார்டிலும் வாயைக் கட்டிவிட்டால் எத்தனை பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள்? வேலை போனாலும் போகட்டும் என்று மறுபடி படியேறிப் போய், சார், நாங்கள் பேசினோம், பேசியதால்தான் எழுந்தார்கள் என்று உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"சான்று இருக்கா?"

"நான்தான் சார் பேசினேன்."

சான்று சார் திரைக்காரரின் குறிப்புகளைப் புரட்டிக் காட்டினார். ஒரு இடத்தில்கூட அவள் பேசவில்லை.

"நீங்க பேசலங்கறதுக்கு இவ்வளவு சான்று இருக்கு. பேசினீங்கங்கறதுக்கு நீங்க சொல்றது மட்டும்தான் இருக்கு. ஒரு செவிலியர் சொல்றதை வெச்செல்லாம் ஆராய்ச்சி பண்ண முடியாதும்மா. போங்க, உங்களுக்குக் கேடயம் தரப்போறோம். உங்க மாமியாரையும் மேடைக்குக் கூட்டிட்டு வாங்க."

ரேடியோ படியிறங்கிக் கீழே வந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக வாயைத் திறந்து பேசியும் பேசாதவள் ஆகியிருந்தாள்.

விழா நாளன்று அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் ஒரு பெரிய சோபா போட்டு, சான்று சார் பக்கத்திலேயே மாமியாரை உட்கார வைத்திருந்தார்கள். ரேடியோ வழக்கம்போல் கடைசி வரிசையில். அன்று வேலை போனாலும் போகட்டும் என்றவளுக்கு இப்போது வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. அவள் சொன்னதைத் தூக்கி எறியலாம், ஆனால் ஒரு நோயாளி மேடையேறி, ஊர் அறிய, மைக்கில், என் மருமகள் பேசினாள் என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் மூட முடியாது. கேடயத்தின் இடத்தில் பணிநீக்க உத்தரவுதான் வரும். அவர்கள் இருவரும் வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? மேடையில் எதையும் சொல்லிவிட வேண்டாம் என்று புருஷன் வழியாகச் சொல்லி அனுப்பியிருந்தாள், அவர் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் தப்பாகச் சொல்லியிருந்தார்.

சான்று சார் பேசினார். மௌனத்தைக் கண்டுபிடித்தவர்போலப் பேசினார். பராமரிப்பில் செவிலியரின் பங்கு மகத்தானது, அதை அவர்கள் எவ்வளவு குறைத்துக்கொள்கிறார்களோ அவ்வளவு மகத்தானது என்றார். பிறகு மைக்கை மாமியாரிடம் நீட்டி, உங்களை எழுந்து நடக்க வைத்தது எது, சொல்லுங்கள் அம்மா என்றார்.

மாமியார் சபையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, சான்று சார் பக்கம் திரும்பி நன்றாக உட்கார்ந்துகொண்டார். அந்தத் திரும்பலைப் பார்த்ததுமே ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது. எட்டாம் கட்டில் இப்போது கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தது.

"ஐயா, உங்ககிட்டதான் சொல்றேன். என் மருமக அந்த வார்டுல என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சத்தியமா பேசல."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மாமியார் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் போய்ச் சேர்ந்துடக்கூடாதுன்னு அவ பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கா. அவ திரும்பி நின்னு அழுததும் தெரியும்." சோபாவைக் கையால் தட்டிப் பார்த்தார். "இது நல்லா இருக்குங்கய்யா. எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு. உக்காந்தா ஸ்பிரிங் குத்தும். ஆனாலும் என்னோடதுன்னு ஒரு வீம்பு. அதைத் தூக்கிக் குடுத்தது ஒண்ணும் தப்பில்லைன்னு இப்ப தோணுது. ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம், அவ்வளவுதான்."

சான்று சாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் இருப்பது அவர் வழக்கமில்லை. இந்தச் சோபாவும் சான்றின் அடிப்படையில்தான் வாங்கப்பட்டது என்று சபைக்கு அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ரேடியோ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே மருத்துவமனை முழுவதும் மௌனம் அமலுக்கு வந்தது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற பேதம் ஒழிந்தது, எந்தக் கட்டிலோடும் பேச்சு இல்லை. திரும்பி நின்று பேச எட்டாம் கட்டில் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சிஸ்டர்கள் இரண்டு நாள் தவித்தார்கள். மூன்றாம் நாள் ரேடியோ சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, சில பேருக்கு ஒரு வாய்க் கஞ்சி குடிக்கச் சொன்னால் கோபம் வருகிறதாம், உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அதன் பிறகு வார்டுகளில் சலைன் ஸ்டாண்டுகளுக்குக் காது வலிக்க ஆரம்பித்தது. திரைக்காரர் விசுவாசமாகக் குறித்து அனுப்பினார். மேல்மாடியில் மறுபடி குழு கூடியது. நோயாளர் பராமரிப்பில் சலைன் ஸ்டாண்டின் பங்கு என்ற புதிய ஆராய்ச்சிக்கு இரும்பு ஸ்டாண்டுதான் நல்லது, ஸ்டீல் ஸ்டாண்டுதான் நல்லது என்று இரண்டு கட்சி உண்டாகியிருப்பதாகக் கேள்வி.

அப்படி ஒரு நாள் முழுக்க ஸ்டாண்டுகளோடு பேசிக் களைத்து ரேடியோ வீட்டுக்கு வந்தாள். கேடயத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார்கள், பூனை அதன் பக்கத்தில் படுத்திருந்தது. மாமியார் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே கிடந்த முக்காலியில் காலை நீட்டியிருந்தார். புருஷன் மேஜையில் எதையோ கழற்றிப் போட்டு முடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார் மாமியார்.

"சாப்பிட்டியான்னு அம்மா கேக்கறாங்க," என்றார் புருஷன், தலையைத் தூக்காமலே.

"உன்னை யாருடா நடுவுல கூப்பிட்டது? நான் அவகிட்ட கேக்கறேன்."

ரேடியோ சட்டென்று திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். பின்னால் ஃபிரிட்ஜும் பூனையும்தான் இருந்தன, இரண்டையும் மாமியார் பார்க்கவில்லை. நேராக அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, சொல் வெளிவந்திருந்தது. குழுவின் தீர்மானப்படிகூட அது பேச்சுதான்.

ஓயாமல் பாடுகிற ரேடியோ வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. இல்லை அத்தை, இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், அதுகூட வரவில்லை. யூனிஃபார்ம் பையில் கையை விட்டாள். கையில் வந்த சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினாள்.

மாமியாருக்கு இப்போதும் கண்ணாடி இல்லை. ஆனால் அந்தச் சிவப்பை அவர் ஏழாம் கட்டிலில் நிறையப் பார்த்திருந்தார்.

"சரி, பொறுக்கறேன்," என்றார், நீட்டியிருந்த காலை மடக்கி மருமகள் உட்கார இடம் விட்டபடி. "மூணு வருஷம் பொறுத்தாச்சு. நீ மெதுவா அழுது முடிச்சுட்டுச் சொல்லு."